நோய் முந்தி வருகிறது, படிப்பு பிந்தி வருகிறது

யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் அரச கால்நடை வைத்தியர் ஒருவர் ஒரு நாளில் பார்க்கும் வேலையை எண்ணிப் பார்ப்போமாயின், இவ்வளவையும் ஒரு மனிதர் எங்ஙனம் கற்று வைத்திருக்கிறார் என்ற வியப்பே முதலில் எழும். காலையில் கன்று போட்டும் இளங்கொடி விழாத பசு. அதன்பின் மடி வீங்கிப் பால் திரைந்து வரும் இன்னொரு பசு. குட்டி குறுக்கே நின்று முக்கிக் களைத்துப்போன மறியாடு. செத்த கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பண்ணைக்காரர். பிற்பகலில், இரத்தமாய்க் கழியும் நாய்க்குட்டியை மடியில் ஏந்தியபடி ஓட்டோவில் வந்திறங்கும் ஒரு குடும்பம். மேலைநாடுகளில் இவ்வேலைகளைத் தனித்தனி வைத்தியர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாடு பார்க்கும் பலர் நாய் பார்ப்பதில்லை. நாய் பார்ப்பவர் மாட்டுக் கொட்டிலுக்குள் கால்வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். எமது ஊரிலோ எல்லாவற்றுக்கும் அந்த ஒருவரே. ஊர் அவரை 'மாட்டு டொக்டர்' என்று ஒரு சொல்லில் அழைத்துவிடுகிறது.

இந்த வைத்தியர் எங்கே படித்தார்? இலங்கையில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பீடம் ஒன்றே ஒன்றுதான். 1947இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கிய இக்கல்வி, 1950களில் பேராதனைக்குச் சென்று இன்றுவரை அங்கேயே நிலைகொண்டிருக்கிறது. கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். பெறுமதியான கல்விதான், ஆயினும் அது வைத்தியரை உருவாக்கும் கல்வியன்று. எனவே சுன்னாகத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் பேராதனைக்கே போகவேண்டும். அங்கே ஆங்கிலத்தில் கற்றுப் பட்டம் பெற்று, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கால்நடை வைத்திய சபையில் பெயரைப் பதிந்து, நியமனக் கடிதத்துடன் ஒரு பிரிவுக்கு வந்து சேர்ந்தால், அதன்பின் முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ சேவை. அத்தனை ஆண்டுகளுக்கும் பேராதனையில் வார்த்த எண்ணெயே போதுமா என்பதுதான் நாம் இங்கே எழுப்பும் கேள்வி.

படித்த படிப்பு பிழையாக இருக்கவேண்டும் என்பதில்லை. காலம் அதனைப் பிழையாக்கிவிடும். டைக்குளோபெனக் என்னும் வலிநிவாரணி 1990களில் இந்தியாவில் மாடுகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. மலிவானது, விரைவில் குணம் தெரியும், நல்ல மருந்து என்றே வைத்தியர்கள் நம்பினார்கள். அம்மருந்து கொடுக்கப்பட்டு இறந்த மாட்டின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டங்கூட்டமாக மடிந்தன என்பது 2004இல்தான் வெளியாயிற்று. 2006இல் இந்தியா, பாக்கிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளும் மாடுகளுக்கு அதனைக் கொடுப்பதைத் தடைசெய்தன. 1995இல் பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர் அதன்பின் ஒரு வகுப்பிலும் இருக்கவில்லை, ஒரு சஞ்சிகையும் வாசிக்கவில்லை என்றால், இச்செய்தி அவரிடம் யார் கொண்டுபோயிருப்பார்கள்? மருந்துக் கம்பனியின் பிரதிநிதியா?

கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் கதையும் இத்தகையது. மனித வைத்தியத்தில் வேறெதுவும் பலிக்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்துகளுள் ஒன்று அது. கோழிப்பண்ணைகளில் அதனைத் தீனியோடு கலந்து கொடுத்து வந்தார்கள். 2019இல் இந்தியா உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதனைத் தடைசெய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் உலகளாவிய செயற்றிட்டம் வகுத்தது. இலங்கையும் 2017 முதல் 2022 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை எழுதிற்று. திட்டம் கொழும்பில் எழுதப்படுகிறது. மடிநோய்ப் பசுவுக்கு எந்த ஊசி, எத்தனை நாள், எத்தனை நாளைக்குப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது என்பதோ கோப்பாயிலும் கரவெட்டியிலும் கொட்டிலின் அருகில் நின்று முடிவுசெய்யப்படுகிறது. முடிவுசெய்பவருக்குப் புதிய அறிவு எட்டாவிடின் திட்டம் கடதாசியாகவே கிடக்கும்.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும் நியாயங்கள். யாழ்ப்பாணத்துக்கென்றே உரிய நியாயம் வேறொன்று உண்டு. அதனைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம்.

மாட்டு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. ஆங்கில வைத்தியத்தில் ரின்டர்பெஸ்ட் என்பார்கள். ஒரு பட்டியில் புகுந்தால் பட்டியையே வெறுமையாக்கும் கொடிய நோய். 1940களின் நடுப்பகுதியோடு இலங்கையை விட்டு அது நீங்கியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டு வைத்தியர் எவரும் அதனைக் கண்ணால் கண்டிலர்; பாடப் புத்தகத்தில் ஒரு பாடம், பரீட்சையில் ஒரு கேள்வி, அவ்வளவே. 1987இல் அது திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையின் உணவுக்கென இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்று கால்நடை மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. வந்த இடம் வடக்கு கிழக்கு. யுத்தத்தின் நடுவே தடுப்பூசி கொண்டுசெல்வதே பெரும்பாடாயிருந்த அக்காலத்தில் அந்நோயை நாட்டிலிருந்து துடைத்தெறிய ஏழு ஆண்டுகள் சென்றன. இறுதி நோய்ப்பரம்பல் 1994இல் பதிவாயிற்று. 2011இல் உலகத்திலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர் ஒழித்த முதல் விலங்கு நோய் அதுவே.

அடுத்தது எமது வாசகர்கள் பலர் தம் கொட்டிலிலேயே கண்டது. 2020 செப்டெம்பரில் மாடுகளின் தோலில் உருண்டை உருண்டையாகக் கழலைகள் கிளம்பின. காய்ச்சல், கால்வீக்கம், பால் வற்றுதல். 'அம்மை' என்று ஊரார் பெயரிட்டார்கள். தோற்கழலை நோய் இலங்கைக்கு வந்த முதல் முறை அது. வந்த இடம் மீண்டும் வட மாகாணம். 1929இல் ஆபிரிக்காவில், இன்றைய சம்பியாவில், முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய் 2019இல் வங்காளதேசத்தையும் ஒடிசாவையும் தொட்டது. ஓராண்டு கழிந்த சிறிது காலத்திலேயே எம்மிடம் வந்துவிட்டது. கடல் அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு வைத்தியரிடம் கேட்கப்பட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். இது என்ன நோய்? மனிதருக்குத் தொற்றுமா? பாலைக் குடிக்கலாமா? அயல் வளவுக்காரரின் மாட்டுக்குப் பரவுமா? என்ன ஊசி போடப்போகிறீர்கள்? மனிதருக்குத் தொற்றாது, காய்ச்சிய பாலைக் குடிக்கலாம், கடிக்கும் ஈயும் நுளம்பும் உண்ணியும் அதனைக் காவும், வைரசை எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் கொல்லாது, புண்ணில் வேறு கிருமி சேராமல் தடுக்கவே அது உதவும், ஆட்டம்மையை உண்டாக்கும் வைரசின் இனத்தைச் சேர்ந்தது என்பதால் அவ்வழியில் தடுப்பூசி உண்டு. இவ்வளவும் உலகம் அறிந்திருந்த செய்திகள். ஒடிசாவில் நோய் வந்த 2019 ஓகஸ்ட் மாதத்துக்கும் இங்கே வந்த 2020 செப்டெம்பர் மாதத்துக்கும் இடையில் பதின்மூன்று மாதங்கள் இருந்தன. அந்தப் பதின்மூன்று மாதங்களுள் ஒரே ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில், வடக்கின் வைத்தியர்களையும் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் இருத்தி, 'இதோ படங்கள், இப்படித்தான் தொடங்கும், கண்டால் இன்ன மாதிரியை எடுத்து இன்ன இடத்துக்கு அனுப்புங்கள்' என்று சொல்வதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு நல்ல கறவைப் பசுவின் விலையிலும் குறைவு என்பது எமது மதிப்பு.

எமது நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். பேராதனைக்குப் போகும் கண்டி வீதி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கோடிக்கரை கண்ணுக்கெட்டாத தூரமேயாயினும் மீன்பிடி வள்ளம் போய்வரும் தூரம். நோய்க்கு நாம் நாட்டின் முதல் வாசல். படிப்புக்கோ கடைசி வாசல். இந்தத் தலைகீழ் நிலையே எமது முறைப்பாடு. முதல் வாசலில் நிற்கும் காவலாளிக்கே முதலில் விளக்குக் கொடுக்கவேண்டும்.

இன்னும் வரக்கூடியவை உண்டு. ஆட்டுக்கொல்லி என்று தமிழ்நாட்டில் வழங்கும் நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். மூக்கொழுகி, வாய் புண்பட்டு, கழிந்து, நுரையீரல் அடைத்து ஆடுகள் சாகும். 2030இற்குள் உலகிலிருந்து அதனை ஒழிப்பதென்று சர்வதேச நிறுவனங்கள் இலக்கு வைத்திருக்கின்றன. ஆடு எமது தீபகற்பத்துக்கு எத்தகைய செல்வம் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. காணியில்லாத வீட்டிலும் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் ஓலையும் ஒடித்துப்போட்டு இரண்டு மறிகளை வளர்த்துப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கும் தாய்மார் எத்தனை பேர்! பன்றிகளைக் கொல்லும் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சலோ 2024இலேயே இலங்கைக்குள் வந்துவிட்டது.

இதற்கு மறுமொழியாக, 'இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது, சூம் வழியாக விரிவுரைகள் நடக்கின்றன, விரும்பியவர் படிக்கலாம்' என்று சிலர் சொல்வர். கொரோனாக் காலத்துக்குப் பின் இவ்வசதி பெருகியிருப்பது உண்மை. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. நோயின் வரலாற்றையும் மருந்தின் அளவையும் திரையில் கற்கலாம். ஆனால் குதவழியாகக் கையை விட்டுச் சினை பார்ப்பதையும், குறுக்கே நிற்கும் குட்டியை உள்ளேயே திருப்பி எடுப்பதையும், யாழ். நகரத்துக் கட்டாக்காலிப் பசுவின் வயிற்றைத் திறந்து பொலித்தீன் பைகளை அள்ளி எடுத்துத் தைப்பதையும் திரையில் கற்க முடியாது. பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, 'இன்னும் சற்று இடப்பக்கம்' என்று சொல்லவேண்டும். கைத்தொழில் எதுவும் அப்படித்தான்.

'அப்படியாயின் பேராதனைக்குப் போய்ப் பயிலட்டுமே' என்பது அடுத்த மறுமொழி. இங்கேதான் உண்மையான முடிச்சு இருக்கிறது. ஒரு பிரிவுக்கு ஒரு வைத்தியர். அவர் திங்கட்கிழமை பஸ் ஏறி வியாழக்கிழமை திரும்பினால் நான்கு நாட்களுக்கு அப்பிரிவில் வைத்தியர் இல்லை. பக்கத்துப் பிரிவு வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்று கடிதத்தில் எழுதலாம். அவருக்கோ தன் பிரிவே பெரும் பாரம். நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள்: குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணம், காற்றுக் காலத்தில் படகும் நிச்சயமில்லை. அத்தீவில் மாடும் ஆடும் மட்டுமன்றி ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவையும் மேய்கின்றன. குதிரை வைத்தியம் தெரிந்தவர் வடக்கில் யார் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அது நிற்க. வைத்தியர் பயிற்சிக்குப் போன நாளில் தன் பசு செத்தால், அந்தக் கமக்காரருக்குத் தொடர்கல்வி என்ற சொல்லே கசக்கும். ஆகவே மனச்சாட்சியுள்ள வைத்தியர் பயிற்சிக்குப் போவதில்லை. பொறுப்பில்லாதவர் போய்வருகிறார். இந்த நிலையைத் திருத்தாமல் எத்தனை பயிற்சிநெறிகளை அறிவித்தாலும் பயன் சிறிது.

எனவே எமது கோரிக்கை இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று, ஆசிரியர் இங்கே வரவேண்டும். மற்றையது, நீண்ட பயிற்சிக்கு வைத்தியர் போகத்தான் வேண்டுமென்றால் அவருக்குப் பதிலாள் ஒருவரை மாகாணத் திணைக்களம் கொடுக்கவேண்டும். ஓய்வுபெற்ற வைத்தியர்கள் பலர் எமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். நான்கு நாட்களுக்கு ஒரு பிரிவைப் பார்த்துத் தாருங்கள் என்று உரிய கொடுப்பனவுடன் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம். அவர்கள் யார்? 1990இல் மின்சாரம் நின்று, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, மருந்துக்கும் தடை வந்த காலத்தில் இங்கே நின்று வேலைபார்த்தவர்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பட்டிகள் அவிழ்த்துவிடப்பட்டு அலைந்ததைக் கண்டவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடி மூடப்பட்டபோதும் சிலர் சேவையில் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் தென்னிலங்கை வைத்தியர்களுக்குக் கிடைத்த கருத்தரங்குகளும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் இவர்களுக்கு எட்டாத கனி. ஆயினும், இல்லாத மருந்துக்கு எதைக் கொண்டு ஈடுசெய்வது என்ற படிப்பை இவர்களைப்போல் கற்றவர் வேறு யாருமில்லை. அந்தப் படிப்பு எழுதப்படாமலே அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

தொடர்கல்வி என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுவது என்று மட்டும் நாம் எண்ணிவிடக்கூடாது. கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.சி.எல். டி அல்விஸ், மாடு எருமைகளைக் கொல்லும் தொண்டை அடைப்பான் நோய் குறித்து எழுதிய நூல் 1999இல் அவுஸ்திரேலியாவில் வெளியாயிற்று. அந்நோயைப் பற்றி அறியவிரும்பும் பிறநாட்டு வைத்தியர்களும் அவரை வாசிக்கிறார்கள். இந்நாட்டுப் பட்டிகளில் செத்த மாடுகளே அவருக்குப் பாடம். எமக்கும் எமது பாடங்கள் உண்டு. வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பற்றி மனிதருக்காக ஆராய்ந்தார்கள். அதே நீரைக் குடிக்கும் கறவைப் பசுவுக்கு என்ன ஆகிறது? குழையையே நம்பி வாழும் ஆட்டுக்கு எந்தச் சத்துக் குறைகிறது? இவற்றைப் பேராதனையில் யாரும் கேட்கப்போவதில்லை. இங்குள்ளவரே கேட்கவேண்டும், எழுதவேண்டும், ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டவேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மேலை வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் தமிழில் அச்சாயின. மனித வைத்தியத்துக்கு அன்று செய்யப்பட்டது கால்நடை வைத்தியத்துக்கு இன்னும் செய்யப்படவேண்டியிருக்கிறது. வைத்தியருக்கு ஆங்கிலம் தெரியுமே, தமிழ் எதற்கு என்று கேட்கலாம். வைத்தியர் தனித்து வேலைசெய்வதில்லை. சினைப்படுத்தல் செய்பவரும் தடுப்பூசி போடுபவரும் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர். மருந்தைக் கரைத்துப் பருக்குபவர் வீட்டுக்காரி. இவர்களோடு பேசும் மொழியில் நோயின் பெயரே இல்லையென்றால், அறிவு வைத்தியரின் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். இந்தியத் தேசிய பாற்பண்ணை அபிவிருத்திச் சபை அதனை எடுத்துப் பரப்பியது. எல்லா மடிநோய்க்கும் அது போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. மாட்டுப் பரியாரிகளின் வாகடமும் புதிய விஞ்ஞானமும் ஒரே மேசையில் சோதித்துப் பார்க்கப்படலாம், அதுவும் தமிழில் நடக்கலாம் என்பதற்கே இதனைச் சொல்கிறோம்.

இனி, நாய் பூனை வைத்தியம். கிராம அபிவிருத்தி பேசும் ஏட்டில் செல்லப்பிராணிக்கு இடமென்ன என்று முகஞ்சுளிப்பவர் இருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், முதிய பெற்றோர் தனியே, வீட்டுக்கு ஒரு நாய்: இது இன்றைய யாழ்ப்பாணத்தின் நிலை. அந்த நாய் அவர்களுக்குக் காவலும் துணையும். உண்ணிக் காய்ச்சலிலும் பார்வோ வைரசிலும் அது சாகும்போது மனிதர் ஒருவர் போனதுபோல் வருந்துகிறார்கள். விசர்நாய்க்கடியோ வருத்தத்தோடு நிற்பதில்லை. கண்டபின் அந்நோய்க்கு மருந்தில்லை. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் பெண்நாய்களுக்குக் கருத்தடை செய்வதுமே வழி. பெண்நாயின் வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றுவது சிறு வேலையன்று. மயக்கமருந்து பிசகினால் நாய் எழாது. முடிச்சுப் பிசகினால் இரவில் இரத்தம் பெருகிச் சாகும். ஆண்டு முழுவதும் மாட்டுக் கொட்டிலில் நிற்கும் வைத்தியரைத் திடீரென்று ஒரு நாள் அழைத்து முப்பது பெண்நாய்களுக்குக் கத்தி வையுங்கள் என்பது அவருக்கும் நியாயமன்று, நாய்களுக்கும் நியாயமன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. நாய் வைத்தியத்தில் பணம் இருக்கிறது. மாட்டு வைத்தியத்தில் சேறு இருக்கிறது. இளம் வைத்தியர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருந்துக் கம்பனிகள் ஹோட்டல்களில் நடத்தும் கருத்தரங்குகளும் பணமுள்ள பக்கமே சாயும். அவர்கள் தரும் அறிவை வேண்டாமென்று தள்ளுமளவுக்கு நாம் வசதி படைத்தவர்களல்லர். ஆனால் மருந்து விற்பவர் மட்டுமே ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், மருந்து தேவையில்லை என்ற பாடம் ஒருநாளும் நடக்காது. ஆட்டைப் பற்றிய பாடமும் நடக்காது.

2024 டிசெம்பரில் நடந்ததை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் பரவிற்று. சில உயிர்கள் போயின. எலிக்காய்ச்சல் என்று பின்னர் உறுதியாயிற்று. பெயரில் எலி இருப்பதால் எலியை மட்டுமே நினைக்கிறோம். மாடும் நாயும்கூட அக்கிருமியைச் சிறுநீரில் கழிக்கும். அப்படியாயின் இது யாருடைய நோய்? போதனா வைத்தியசாலை வைத்தியருடையதா, கால்நடை வைத்தியருடையதா? இருவரும் ஒரே வகுப்பில் இருந்து கற்கவேண்டிய நோய் இது. புரூசெல்லா என்னும் கருச்சிதைவு நோயும் அத்தகையதே. வெறுங்கையால் இளங்கொடி எடுக்கும் கால்நடை வைத்தியரையே அது முதலில் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978 முதல் இருக்கிறது. அதன் விரிவுரை மண்டபத்தில் ஆண்டுக்கு இரண்டு மாலைகள் இரு சாராரும் கூடியிருக்க யாருடைய அனுமதி வேண்டும்?

பிரித்தானியாவில் கால்நடை வைத்தியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 35 மணிநேரம் தொடர்கல்வி பெற்றாகவேண்டும் என்பது விதி. விதி நல்லது. ஆனால் விதி மட்டும் வந்தால் கதிரையில் இருந்த மணிநேரத்தை எண்ணும் பழக்கமே வளரும்; சான்றிதழ் சுவரில் தொங்கும்; பசு கொட்டிலில் கிடக்கும். எமக்கு முதலில் வேண்டியது இடமும் ஆசிரியரும் நோயுற்ற விலங்கும்.

ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. பேராதனையிலிருந்து ஒருவர் இரவு ரயிலேறினால் விடியும்போது இங்கே நிற்கலாம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டிலும் இப்போது ஒரு கல்லூரி நடக்கிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023இல் கப்பற்சேவை ஆரம்பமாயிற்று. பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் வருகிறது. ஆட்டையும் நாட்டு மாட்டையும் வெப்ப நாட்டு நோயையும் தமிழில் சொல்லித்தரக்கூடிய பேராசிரியர்கள் கடலின் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த எமது கால்நடை வைத்தியர்களும் இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் அவர்களிடம் கோபுரத்துக்கும் பள்ளி மண்டபத்துக்கும் நன்கொடை கேட்கிறோம். இரண்டு காலைப்பொழுதுகளைக் கேட்டவர் உண்டா? நாய்க்கு மயக்கமருந்து கொடுக்கும் புதிய முறையைக் காட்டித்தருமாறும், பழைய ஸ்கான் கருவி ஒன்றைக் கொண்டுவருமாறும் கேட்கலாமே.

தொடக்கத்துக்குப் பெரிய கட்டடமும் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வலிகாமத்தில் ஒரு முறை, வடமராட்சியில் ஒரு முறை, தென்மராட்சியில் ஒரு முறை, தீவுப்பகுதியில் ஒரு முறை என்று சுற்றிவரலாம். காலையில் ஒரு விலங்கின் மேல் கைவேலை. பிற்பகலில் அம்மாதம் ஒவ்வொருவரும் கண்ட புதுமையான நோயொன்றைச் சொல்லுதல். அதில் பிழைத்ததை மட்டுமன்றிச் செத்ததையும் சொல்லவேண்டும். 2022 டிசெம்பரில் ஒரே இரவுக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தபோது, தொற்றுநோயோ என்று நாடே பயந்தது. குளிர்தான் காரணம் என்று சொல்லக்கூடியதாக இருந்தது, செத்த மாடுகளை வெட்டிப் பார்த்து மாதிரிகளைச் சோதித்ததனாலேயே. உடலைத் திறந்து பார்க்கும் பழக்கம் கைவிடப்பட்டால் வைத்தியம் ஊகமாகிவிடும்.

இதில் கமக்காரருக்கும் பங்குண்டு. ஆடு செத்தால் உடனே கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுவதே எமது வழக்கம். திடீரென்று செத்து, மூக்காலும் வாயாலும் உறையாத கருங்குருதி வடியும் உடலாயின் அதனைத் தொடவும் வெட்டவும் கூடாது; வைத்தியருக்குச் சொல்லி அனுப்பி ஆழப் புதைப்பதே முறை. மற்றபடி, காரணம் தெரியாமல் செத்த ஆட்டையோ கன்றையோ அன்றைக்கே வைத்தியர்கள் கூடும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஏற்றிச்செல்லும் லான்ட்மாஸ்டர்க் கூலியை அவ்வூர்க் கால்நடை வளர்ப்போர் சங்கம் கொடுக்கட்டும். பால் விற்ற பணத்தில் லீற்றருக்கு ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கினால் ஆண்டு முழுவதுக்கும் போதும். கணக்கை அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசிக்கலாம்.